சொல் விரித்துத் தேடுதல்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கே அமைந்தது கும்மிடிப்பூண்டி. ஆங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் தொழிற்சாலைகள் பல உள. அவற்றுள் ஒன்றில் பணிபுரியும் ஒருவர் இயந்திரத்தில் கைபட்டு ஊனமுற்றார் எனக் கொள்வோம். தந்தைக்குரிய உரிமை யாதென அறிய விழைந்த மகன், கணிப்பொறியில் ‘நட்டஈடு’ என எழுதித் தேடுகின்றான். எழுத்தை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும் தேடுபொறியாயின், ‘இழப்பீடு’ என்று எழுதிய ஏடுகளை அஃது அவனுக்குக் காட்டாது. பொருள் ஒன்றே, சொல் வேறாயிற்று.

2025-ஆம் ஆண்டு வரை இதற்குரியதாய் இருந்த சட்டம் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் அதன் பெயரில் ‘தொழிலாளர்’ என்றிருந்தது ‘பணியாளர்’ என மாறிற்று. ஒரு பெயரை மட்டும் அறிந்து தேடுவோர்க்கு மற்றப் பெயருடைய ஏடுகள் மறைந்தே கிடக்கும். அச்சட்டத்தின்படி உரிமை கோருவோர், விபத்து நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் பொதுவிதியாய் இருந்தது. ஆதலின், ஒரு சொல்லை அறியாமையால் ஒரு குடும்பம் உரிய காலத்தையே இழத்தல் கூடும்.

இக்குறையை நீக்க அறிஞர் கண்ட முறை, தேடுசொல்லை விரித்தல் ஆகும். தேடுவோன் தந்த சொல்லோடு, அப்பொருள் தரும் பிற சொற்களையும் பொறியே சேர்த்துக்கொண்டு தேடும். மற்றொரு வழியும் உண்டு. முதலில் கிடைத்த ஏடுகளுள் பயனுடையவற்றைத் தேடுவோன் சுட்டுவான். அவற்றில் மிகுதியாகப் பயிலும் சொற்களைப் பொறி எடுத்துக்கொண்டு மீண்டும் தேடும். செரார்டு சால்டன் தொகுத்து 1971-இல் வெளிவந்த நூலில் ராக்கியோ என்பார் இவ்வழியை விளக்கினார்.

ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் முதற் பத்துத் தொகுதிகள், ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களைத் திரட்டித் தருவன. அந்நூலாசிரியர் அவ்வளவில் நின்றாரல்லர்; ஒரு சொல் பல பொருள் தருதலைப் பதினோராம் தொகுதியில் தனியே விளக்கினார். விரித்துத் தேடுவோர் இதனை மறத்தலாகாது. ‘நட்டம்’ என்பது இழப்பையும் குறிக்கும், கூத்தையும் குறிக்கும். இடமறியாது விரித்தால், இழப்பீடு தேடியவன் முன் நடனச் செய்திகள் வந்து குவியும். வேண்டுவன வாராமை ஒரு குறை. வேண்டாதன மிகுதல் மற்றொரு குறை.

மாணவர்களே! தேடியது கிட்டவில்லையெனின், ‘இல்லை’ என்று உடனே துணியாதீர்கள். அப்பொருளைப் பிறர் எச்சொல்லால் வழங்குவர் என எண்ணிப் பாருங்கள். வந்தவற்றுள் பொருந்துவதைத் தெரிந்து கொள்ளுங்கள். பொறி விரைந்து தேடும்; ஆயினும் சொல்வளம் உடையவனுக்கே அது நிறைந்த பயன் தரும்.