வரைபடத்தில் இல்லாத நாடுகள்

சமூக மருத்துவ மேற்படிப்புக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "கொழுப்பு இதயத்துக்குக் கெடுதலா இல்லையா, சார்?" ஒரு வரியில் சொல்லும்படி என்னிடம் பதில் இல்லை. அதைச் சொல்லும் கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

1. முடிவுரைக்கு ஓடாதீர்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், யார் கூப்பிட்டும் வரவில்லை என்பதை முதலில் பாருங்கள். பிரிட்டனின் பெரிய உடல்நல ஆய்வான யுகே பயோபாங்க் சுமார் 92 லட்சம் பேரை அழைத்தது. சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம். வந்தவர்களிடம் பொதுமக்களைவிடப் புகைப்பழக்கம் குறைவு, உடல்பருமனும் குறைவு.

2. அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1953இல் வெளியிட்ட வரைபடத்தை உங்கள் கையாலேயே ஒருமுறை வரைந்து பாருங்கள். கிடை அச்சில், உண்ணும் கலோரியில் கொழுப்பின் பங்கு. நிலை அச்சில், இதய நோய்ச் சாவு. இடது மூலையில், 10 விழுக்காட்டுக்கும் கீழே ஜப்பான். வலது உச்சியில், 40 விழுக்காட்டை ஒட்டி அமெரிக்கா. நடுவில் இத்தாலி, இங்கிலாந்து-வேல்ஸ், ஆஸ்திரேலியா, கனடா. 6 புள்ளிகளும் ஒரே வளைகோட்டில் வந்து உட்காரும். இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாலே எனக்குச் சந்தேகம் தட்டிவிடும்.

1957இல் யெருஷால்மி, ஹில்லபோ என்ற இரு ஆய்வாளர்கள் அதைத்தான் கேட்டார்கள்: 22 நாடுகளுக்குக் கணக்கு இருக்கும்போது 6 மட்டும் ஏன்? எல்லாவற்றையும் போட்டதும் புள்ளிகள் சிதறின, தொடர்பு தளர்ந்தது. அற்றுப்போகவில்லை, கதை சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தை விழுங்கிவிடுகிறார்கள். கொழுப்புக்குப் பதில் விலங்குப் புரதத்தை வைத்துப் பார்த்தாலும் அதே மாதிரி தொடர்பு வந்தது என்றும் அவர்கள் காட்டினார்கள். கறியும் வெண்ணெயும் நிறையச் சாப்பிடும் நாடு பெரும்பாலும் பணக்கார நாடு. காரும் சிகரெட்டும் அங்கேதான் அதிகம். சாவுக்கு இன்ன காரணம் என்று எழுதித் தர டாக்டரும் அங்கேதான் இருப்பார்.

3. கீஸை வில்லனாக்கவும் வேண்டாம். "22 நாடுகளில் பிடித்த ஏழைப் பொறுக்கினார்" என்று பேசுவது இரண்டு ஆய்வுகளைப் போட்டுக் குழப்புவது. ஏழு நாடுகள் ஆய்வு 1958இல் தொடங்கிய வேறு வேலை: 16 குழுக்கள், 40 முதல் 59 வயது வரையிலான 12,000க்கும் மேற்பட்ட ஆண்கள், பல ஆண்டுப் பின்தொடர்தல். அதிலும் நாடுகளைக் குலுக்கிப்போட்டு எடுக்கவில்லை. பிரான்ஸ் இல்லை, பெண்கள் அறவே இல்லை. என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் சிறு சிறு குழுக்களிடம்தான் அளந்தார்கள். கிரீட் தீவில் ஒரு சுற்று கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பில் நடந்தது. ஆனாலும் ஆலிவ் எண்ணெயில் மிதந்த அந்தக் கிரீட்காரர்களுக்கு மாரடைப்பு மிகக் குறைவு. கிழக்கு பின்லாந்தில் மிக அதிகம். மொத்தக் கொழுப்பின் மீதிருந்த குற்றச்சாட்டை நிறைவுற்ற கொழுப்பின் பக்கம் திருப்பியது கீஸின் சொந்த ஆய்வுதான்.

4. உங்களுக்குப் பிடித்த ஆய்வையும் அதே கண்ணால் பாருங்கள். நெய் பிரியர்கள் அடிக்கடி நீட்டுவது, ரயில்வே மருத்துவர் மல்ஹோத்ரா 1967இல் வெளியிட்ட கட்டுரை. வடக்கே ரயில்வே ஊழியர்கள் பால், நெய் என்று பல மடங்கு கொழுப்பு உண்டார்கள். இதய நோய்ச் சாவோ தெற்கே சுமார் 7 மடங்கு அதிகம். நம் மெட்ராஸ்காரர்கள்தான் அந்தத் தெற்கு. ஆனால் கணக்கில் வந்தவர்கள் பணியில் இருந்தவர்கள். ஓய்வுக்குப் பின் வரும் மாரடைப்பு எங்கே போயிற்று? நோய் கண்டு வேலையை விட்டவர்கள்? இரண்டு வட்டாரத்திலும் சாவுக் காரணத்தை ஒரே கவனத்தோடு எழுதினார்களா? இதைக் கேட்காமல் கீஸை மட்டும் குடைவது நியாயமல்ல.

5. மாரடைப்பு வார்டில் போய் எண்ணெய்ப் பலகாரக் கணக்குக் கேட்கிறீர்களா? ஆஸ்பத்திரி வரும் வழியிலேயே உயிர் போனவர் அந்தக் கட்டிலில் இல்லை. ஒப்பிடுவதற்கு, கிட்டத்தில் இருக்கிறதே என்று பித்தப்பைக் கல் நோயாளிகளைப் பிடிக்காதீர்கள். "எண்ணெயைக் குறை" என்று அவர்களுக்கு டாக்டர் முன்பே சொல்லியிருப்பார். இரண்டு வார்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதி அந்த டாக்டர் உண்டாக்கியதாக இருக்கும்.

6. குலுக்கல் முறைச் சோதனை என்றதும் கண்ணை மூடி நம்பாதீர்கள். மினசோட்டாவில் 1968 முதல் 1973 வரை, பெரும்பாலும் மனநல மருத்துவமனைகளில், 9,423 பேரிடம் நடந்த சோதனையில் நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் சோள எண்ணெய் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் அந்த உணவில் இருந்தவர்கள் கால்வாசிதான். முக்கிய முடிவுகள் அச்சேறியது 1989இல். பழைய தரவுகளைத் தேடி எடுத்து 2016இல் மறுபடி அலசியபோது, கொலஸ்ட்ரால் இறங்கியது, சாவு குறையவில்லை என்று வந்தது. ஆள் கழன்றுபோவது ஒரு வடிகட்டல். முடிவு அலமாரியில் தூங்குவது இன்னொன்று.

7. ஆய்வேட்டு வரைவை என்னிடம் கொண்டுவரும்போது, எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை பேர் வரவில்லை, எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்ற கணக்கு முதல் அட்டவணையிலேயே இருக்கட்டும். அது இல்லாத வரைவை நான் படிக்கப்போவதில்லை.