மனு போட்ட நாளிலிருந்துதான் கணக்கு

கேள்வி: திருமுல்லைவாயிலில் அம்மா வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்த கணவர் ஒன்றரை வருடமாகப் பணம் தருவதில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு விழுப்புரம் பக்கம் சொந்த ஊருக்கே போய்விட்டார். பிரியும்போது, 'எனக்கும் பிள்ளைகளுக்கும் எதுவும் வேண்டாம்' என்று பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விவாகரத்து ஆகவில்லை. நான் தையல் வேலைக்குப் போகிறேன். பிள்ளைகளுக்காவது பணம் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. அந்தத் தாளை நினைத்துப் பயப்படாதீர்கள். பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தாய்க்கும் கிடையாது, கூடி உட்கார்ந்து பேசியவர்களுக்கும் கிடையாது. விவாகரத்து வழக்கும் தேவையில்லை. முன்பு 125-வது பிரிவு என்று எல்லோரும் சொல்லிவந்த ஜீவனாம்சச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144-வது பிரிவாக இருக்கிறது. பிள்ளைகளின் பெயரில் நீங்களே மனு போடலாம். உங்களுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

மனுவை நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். வாய்தாவுக்கு வாய்தா விழுப்புரம் ஓட வேண்டாம். ஆனால் உடனே போடுங்கள். ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் சொன்னபடி, மனு போட்ட தேதியிலிருந்து தொகை கணக்கிடப்படும். அதற்கு முன் அவர் தராமல் விட்ட மாதங்களுக்கு இந்த மனுவில் பணம் வராது. ஒன்றரை வருடம் அப்படித்தான் போய்விட்டது என்பது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. இனி ஒரு மாதம்கூடப் போகக் கூடாது.

மனுவோடு இடைக்காலத் தொகையும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், இயன்றவரை, அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்கு இழுப்பது நோட்டீஸில்தான். 'ஆள் இல்லை' என்று கவர் திரும்பி வரும். அவருடைய ஊர் முகவரி, பெற்றோர் வீடு, வாட்ஸ்அப் எண் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பெயர் சேர்ந்த இ.எஸ்.ஐ. பதிவின் நகல் இருந்தால் அது தங்கம்: அவர்தான் தகப்பன் என்பதையும் எங்கே வேலை பார்த்தார் என்பதையும் ஒருசேரக் காட்டும். பள்ளிக் கட்டண ரசீது, வேன் காசு, மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இருவருமே வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் தையல் கூலியை மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் சம்பாதிக்கிறீர்கள் என்பதால் தகப்பன் பொறுப்பு நீங்கிவிடாது. வேலை இல்லை என்று அவர் சொன்னாலும் தப்ப முடியாது. உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

உத்தரவுக்குப் பிறகும் தரவில்லையென்றால் வாரண்ட் கேட்கலாம். பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும். ஆனால் ஒரு மாதப் பணம் நின்றால், அது தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வக்கீல் செலவுக்குத் தயங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆவடிப் பக்கம் இருக்கும் நீங்கள் திருவள்ளூர் மாவட்டம். எனவே திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். மனுவை எந்த நீதிமன்றத்தில் போட வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.