அணை மின்சாரத்தில் ஓடும் பிட்காயின்

கேள்வி: பிட்காயின் கணினிகள் மின்சாரத்தை விழுங்குகின்றன என்று நான் குறை சொன்னால், "ஐஸ்லாந்தில் அணை மின்சாரத்தில் ஓட்டுகிறார்கள், புகையே கிடையாது" என்கிறான் தம்பி மகன். சரிதானா?
- ஒரு வாசகி, மேட்டூர்

பதில்: புகை இல்லை என்பது சரி. ஐஸ்லாந்தின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தும் நிலத்தடி வெப்பத்திலிருந்தும் வருகிறது. ஆனால், 2021 டிசம்பரில் அங்கே நடந்ததையும் அவரிடம் சொல்லுங்கள். அணைகளில் நீர்மட்டம் இறங்கியதால், அரசு மின் நிறுவனமான லான்ட்ஸ்விர்க்யுன் தரவு மையங்களுக்கும் அலுமினிய ஆலைகளுக்கும் மீன்தூள் ஆலைகளுக்கும் தரும் மின்சாரத்தைக் குறைத்தது. பிட்காயினுக்காகப் புதிதாகக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. மீன்தூள் ஆலைகள் என்ன செய்தன? எண்ணெயை எரித்தன! பழியை பிட்காயின் மீது மட்டும் போட மாட்டேன். அங்கே பெரும்பகுதி மின்சாரம் அலுமினியத்துக்கே போகிறது. ஆனால் பசுமை மின்சாரத்துக்கும் அளவு உண்டு. ஒருவர் எடுத்துக்கொண்டால் இன்னொருவருக்குக் குறையும். குறைந்த இடத்தில் புகை எழும்.

சீனாவில் இதே கதை பருவத்துக்கு ஏற்ப நடந்தது. மழைக்காலத்தில் சிச்சுவானின் மலிவான நீர்மின்சாரம். வறண்ட மாதங்களில் கணினிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நிலக்கரி மின்சாரம் கிடைக்கும் சின்ஜியாங்குக்குப் பயணம். 2021இல் அரசு தடை போடும்வரை இது ஓடியது.

அணையும் இலவசமாக வருவதில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போது, பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டுவதைப் பார்க்கும் ஊர்க்காரரான உங்களுக்கு, அணைக்கடியில் என்னவெல்லாம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"திறமையான கணினிகள் வந்தால் மின்செலவு குறையுமே" என்பார் அவர். குறையாது. கணினிகள் பெருகி வேகம் கூடினால், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிட்காயின், கணினிகள் போட்டிபோட்டுத் தீர்க்கும் தன் புதிரைத் தானே கடினமாக்கிக்கொள்கிறது. மின்சாரம் மலிந்தால் இன்னும் நாலு பேர் கணினி வாங்கி மாட்டுவார்கள், அவ்வளவுதான். அந்தக் கணினிகளோ இந்தப் புதிரைத் தவிர வேறெதற்கும் உதவாதவை. புது ரகம் வந்ததும் பழையது குப்பைக்குப் போகும்.

பிட்காயினைப் போன்ற இன்னொரு மின்னணு நாணயமான எதீரியம் 2022 செப்டம்பரில் புதிர்ப் போட்டியையே கைவிட்டு, மின்செலவை 99 சதவீதத்துக்கும் மேல் குறைத்துவிட்டது. பிட்காயின் ஏன் இன்னும் அப்படி மாறவில்லை என்று தம்பி மகனிடம் கேட்டுப் பாருங்கள்.