ஆள் மாறினால் அட்டவணை என்ன ஆகும்?

டி.பி.எம்.எஸ். தாளில் நார்மலைசேஷன் கேள்வி வந்தால் பாதிப் பேர் சாய்ஸில் விட்டுவிடுகிறோம். நானும் விட்டவன்தான். அது என்னை விடவில்லை.

என் அப்பா கோவையில் ஒரு பம்ப்செட் கடையில் சுமை தூக்குகிறார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். "பையன் கம்ப்யூட்டர் படிக்கிறானுங்க" என்று அப்பா சொல்லி வைக்க, வாடிக்கையாளர்களோடு பேசும் விவரங்களைப் பதிகிற ஞாயிற்றுக்கிழமை வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் போட்டது ஒரே அட்டவணை. பெயர், கம்பெனி, போன்1, போன்2, போன்3, நாள், பேசிய விவரம். ஒவ்வொரு முறை பேசியதற்கும் ஒரு வரிசை.

ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் வேறு கம்பெனிக்கு மாறிப் போனார். அவர் பெயருள்ள வரிசைகளில் எல்லாம் கம்பெனிப் பெயரை ஒரே அப்டேட்டில் மாற்றினேன். பழைய இடத்திலிருந்து "பாக்கியை அடுத்த மாதம் தருகிறோம்" என்று அவர் சொன்னதும் புதிய கம்பெனி பேரில் போய் உட்கார்ந்துகொண்டது. முதலாளி அதைப் பார்த்து அங்கே போன் போட்டுப் பாக்கி கேட்டார். அவர்கள் திட்டியது எனக்கே கேட்டது. "ஏன் கண்ணு, இதுக்கு நோட்டே தேவலையே" என்றார். அப்பா தலையில் இருந்த பெட்டியை இறக்காமலே நின்றார்.

அன்று இரவுதான் புத்தகத்தைத் திறந்தேன். ஐ.பி.எம்.மில் இருந்த இ.எஃப். காட், 1970-இல் ரிலேஷனல் முறையைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே நார்மல் பார்மும் வந்துவிட்டது. எனக்குப் புரிந்த வகையில் சொன்னால், என் தப்பு அப்டேட்டில் இல்லை. ஆள் வேறு, கம்பெனி வேறு, அந்த ஆள் அந்தக் கம்பெனியில் இருந்த காலம் வேறு. மூன்றையும் ஒரே வரிசையில் திணித்திருந்தேன்.

எனவே நபர், கம்பெனி என்று இரண்டு அட்டவணை. நடுவில் 'தொடர்பு' என்று ஒன்று: தொடர்பு எண், நபர் எண், கம்பெனி எண், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள். பேச்சு அட்டவணை இந்தத் தொடர்பு எண்ணைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆள் வேலை மாறினால் பழைய வரிசையில் விலகிய நாளைப் போட்டுவிட்டுப் புது வரிசை சேர்த்தால் போதும். பழைய பேச்சு பழைய இடத்திலேயே நிற்கும். போன் நம்பருக்கும் தனி அட்டவணை, நான்காவது நம்பர் வந்தால் திண்டாட வேண்டாம். அதை எழுத்து வகையில் வையுங்கள். நான் எண் வகையில் வைத்து, 0422 எல்லாம் 422 ஆகிப்போனது.

உண்மையான பாடு, பழையதைப் புதியதற்கு மாற்றுவதில்தான். 'கம்பெனி', 'கோ', 'அன் கோ' என்று ஒரே இடத்தை மூன்று விதமாக அடித்திருந்தேன். டிஸ்டிங்க்ட் போட்டால் மூன்றும் தனித்தனியாக வருகிறது. முதலாளியோடு உட்கார்ந்து கையால் சரிபார்த்தோம். நான் அழித்த பழைய பெயர்களைப் பில் புத்தகம் பார்த்துப் போட்டேன்.

கடைசியில் எண்ணினேன். பழையதில் 612 வரிசை, புதியதில் 598. பதினான்கு பேச்சு எங்கே? தேடினால், எல்லாம் நேராகக் கடைக்கு வந்து மோட்டார் வாங்கிய விவசாயிகள். அவர்களுக்கு ஏது கம்பெனி? அந்தப் பத்தி காலி, ஜாயினில் விழுந்துவிட்டார்கள். லெஃப்ட் ஜாயின் போட்டு, தொடர்பில் கம்பெனி எண்ணைக் காலியாக விட்டேன். 'நல்' இன்னொரு 'நல்'லுக்கு ஈக்வல் ஆகாது, 'ஈஸ் நல்' என்று தனியாகக் கேட்க வேண்டும் என்பதை அதற்கப்புறம்தான் கற்றேன்.

612-உம் வந்தது. பழைய அட்டவணையை இன்னும் அழிக்கவில்லை. பேரை மட்டும் மாற்றி வைத்திருக்கிறேன்.