சொல்லாமல் மறைப்பதும் அநியாயமே!



தலைவன் என்ற பெயரை விரும்புகிறவர்கள் அநேகர். தலைவனுக்குரிய குணத்தை விரும்புகிறவர்களோ சிலர். இந்த மாதம் ரோமாபுரியின் அரசியல் தலைவராயிருந்த சிசரோ என்பவரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட நான்கு பாடங்களை எழுதுகிறேன். "அவருக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நான்காம் நூற்றாண்டில் மிலான் பட்டணத்துப் பேராயர் அம்புரோஸ், தம்முடைய ஊழியர்களுக்குக் கடமைகளைப் பற்றி எழுதியபோது, சிசரோவின் நூலைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார்.

சிசரோ கி.மு. 106-ல் அர்பினம் என்ற சிற்றூரில் பிறந்தார். கி.மு. 63-ல் ரோமாபுரியின் உச்சப் பதவியாகிய கான்சல் பதவிக்கு வந்தார். கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டு நாடு கலங்கியிருந்த நாட்களில், அத்தேனே பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்த தன் மகன் மார்க்கஸுக்கு, கடமைகளைப் பற்றி மூன்று பாகங்களாக எழுதினார். நட்பைப் பற்றிய நூலையும் அதே வருஷத்தில்தான் எழுதினார்.

1. தலைமை: தகப்பனில்லாத பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கிற காப்பாளனைப் போன்றவன் தலைவன். அந்தச் சொத்து பிள்ளையின் நன்மைக்கே, காப்பாளனின் லாபத்துக்கல்ல. ஒரு கூட்டத்தாரை மட்டும் கவனித்து மற்றவர்களைக் கைவிடுவதும் தலைமையல்ல.

2. கடமை: அநியாயம் இரண்டு வகை. தானே தீங்கு செய்வது ஒன்று. தடுக்கக் கூடியவன் தடுக்காமல் சும்மா இருப்பது இன்னொன்று. "நான் ஒன்றும் செய்யலையே" என்கிறவனும் குற்றவாளியே.

3. நட்பு: தகாத காரியத்தை நண்பனிடம் கேட்காதே, அவன் கேட்டாலும் செய்யாதே. "சிநேகிதனுக்காகச் செய்தேன்" என்பது சாக்குப்போக்காகாது.

4. நற்குணம்: ரோது தீவில் பஞ்சம். அலெக்சந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி தானியத்தோடு வருகிறான். பின்னால் இன்னும் கப்பல்கள் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை இறங்கிவிடும். சொல்ல வேண்டுமா? சொல்லத்தான் வேண்டும் என்கிறார் சிசரோ. பழுதுள்ள வீட்டை விற்கிறவனுக்கும் அதே தீர்ப்புதான்.

இந்த இடத்தில்தான் நான் பிடிபட்டேன்! சில வருஷங்களுக்கு முன் மகளின் கல்யாணக் கடனுக்காக எங்கள் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. கோடையில் எங்கள் கிணறு வற்றிப்போகும். வாங்க வந்தவர்களோ மழைக்காலத்தில் வந்து, நிரம்பிய கிணற்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். புரோக்கர் என் காதில், "ஐயா, கேட்டா சொல்லுங்க, நீங்களா வாயைத் திறக்காதீங்க" என்றார். நானும் பேசாமல் இருந்தேன். பொய் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரத்தில்தான் இந்தப் பகுதியை வாசித்தேன். இராத்திரி தூக்கமே வரவில்லை. காலையில் அவர்கள் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். முப்பதாயிரம் ரூபாய் குறைத்தார்கள். மீதிக் கடனை அடைக்க இரண்டு வருஷம் கஷ்டப்பட்டோம். ஆனாலும் இன்று அந்தக் குடும்பத்தாரை வழியில் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

சிசரோ குறையில்லாதவரா? இல்லை. கான்சலாயிருந்தபோது சதிகாரரை விசாரணையின்றிக் கொல்லச் செய்தார், அதினிமித்தம் கி.மு. 58-ல் நாடுகடந்து போனார். ஆனால் கடைசி நாட்களில் சும்மா இருக்கவில்லை. அந்தோனியின் அதிகார வெறியைக் கண்டித்து 14 உரைகளை எழுதினார். அதின் விலை அவருடைய உயிர். கி.மு. 43 டிசம்பர் 7-ல் கொல்லப்பட்டார். அவருடைய தலையும் கையும் ரோமாபுரியின் பேச்சு மேடையிலேயே வைக்கப்பட்டன.

பிரியமானவர்களே, உங்கள் கையில் ஒப்புவிக்கப்பட்டது யாருடைய நன்மைக்கு? வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மௌனமாயிருக்கிறீர்களா? இன்றே நம்மை நாமே ஆராய்ந்து பார்ப்போமாக.