ஒரு குடம் நீரில் ஒரு தோட்டம்



தறியில் அமர்ந்தவருக்கும் வயலில் நிற்பவருக்கும் பொழுது அரிது. வேலை முடிந்து வீடு திரும்பியபின் தோட்டத்திற்கென்று மற்றொரு வேலையை மேற்கொள்ள எவருக்கு மனம் வரும்? ஆயினும், வீட்டைச் சுற்றி நாலு செடி இருக்கவேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. அதிகச் செலவும் சிரமமும் இன்றி அவ்வாசையை நிறைவேற்றிக்கொள்வது எங்ஙனம் என்பதே இம்மாதப் பாடம். மணற்பாங்கான நிலமும் கோடையில் நீர்த் தட்டுப்பாடும் உள்ள மயிலாப்பூரை உதாரணமாகக் கொள்வோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோயின. மயிலாப்பூரில் எமது வீட்டிலும் லாரித் தண்ணீரைக் குடங்களில் பிடித்துவைத்தே காலம் தள்ளினோம். அப்போது வாசலில் ரோஜாத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. சமையலுக்குப் பிடித்துவைத்த குடத்தைச் செடிக்கு ஊற்றுவதா என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. ஊற்றவில்லை, ரோஜாக்கள் காய்ந்தன. கொல்லையில் எவரும் கவனியாதிருந்த கறிவேப்பிலையும் பவழமல்லியும் இலை உதிர்த்தனவேயன்றிச் சாகவில்லை. மழை கண்டதும் துளிர்த்தன. வீட்டாரின் குடத்தோடு போட்டியிடும் தோட்டம் நிலைக்காது என்பதை அன்று கற்றோம்.

இப்பாடம் புதிதன்று. கபாலீசுவரர் கோயிலின் தலவிருட்சம் புன்னை. அது கடற்கரை மரம். மணலும் உப்புக் காற்றும் அதற்குப் பகையல்ல. மண்ணுக்கு உரிய மரம் வேரூன்றிவிட்டால் பணிவிடையை எதிர்பாராது. சிறு மனைக்குப் புன்னை பெரிது. ஆனால் அது காட்டும் நெறி சிறு மனைக்கும் பொருந்தும்.

மண்: மணலில் ஊற்றும் நீர் விரைவில் கீழிறங்கிவிடும், ஊட்டமும் உடன் போகும். ஆகவே முதல் உழைப்பை மண்ணிலேயே செலுத்தவேண்டும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, தோண்டிய மண்ணுடன் மக்கிய எருவைச் சரிபாதி கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேர்த்து நிரப்புக. எருவை விலைக்கு வாங்கவேண்டியதில்லை. அடியில் துளையிட்ட பழைய மண்பானையில் காய்கறிக் கழிவையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் எரு ஆகிவிடும். நட்டபின் செடியின் அடியில் இரண்டு அங்குலக் கனத்திற்குச் சருகைப் பரப்புக. தண்டை ஒட்டாமல் இருக்கட்டும். இம்மூடாக்கு ஈரத்தைக் காக்கும், களையையும் அடக்கும்.

நீர்: சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிடைப்பது. எனவே ஆவணி, புரட்டாசியில் செடிகளை நட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையே அவற்றை வளர்த்துத் தரும். முதற்கோடையில் மட்டும் நம் துணை வேண்டும். அதற்குப் பானைப் பாசனம் சிறந்தது. மெருகிடாத மண்பானையைச் செடிக்கு அருகே கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், கசியும் ஈரத்தை வேர் தன் தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளும். அரிசி கழுவிய நீரையும் வீணாக்கலாகாது. சோப்பு கலந்த நீரைக் கீரைக்கு விடாமல், வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புக.

ஓர் எச்சரிக்கை: பானையை மூடியே வைக்கவேண்டும், தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிடலாகாது. டெங்குவைப் பரப்பும் கொசு இத்தகைய சிறு தேக்கத்தில்தான் பெருகும்.

செடிகள்: கறிவேப்பிலை, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி, கற்றாழை, கற்பூரவல்லி ஆகியவை வேரூன்றியபின் அதிகக் கவனம் கேளா. வேலியில் பிரண்டையும் சங்குப்பூவும் ஏறட்டும். கீரைக்குக் கொடிப்பசலையும் தவசிக்கீரையும் போதும். ஒருமுறை நட்டால் பறிக்கப் பறிக்கத் தழைக்கும். முருங்கையை மூன்றடிப் போத்தாக நட்டாலே பிழைக்கும்; ஆனால் அதன் கிளை எளிதில் முறிவது. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை மறவாமல், சுவரையும் கூரையையும் விட்டு விலக்கி நட்டு, ஆண்டுதோறும் கவாத்துச் செய்க. அரளி வறட்சியைத் தாங்கும். எனினும் நஞ்சுள்ளதாகையால் குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீட்டிற்கு ஆகாது.

வேலை: வாரத்தில் ஒரு நாள், அரை மணி போதும். இலையின் அடிப்புறத்தைப் பார்த்து, மாவுப்பூச்சி தென்பட்டால் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுக. அடங்காவிடில் சிறிது சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து தெளிக்கலாம். குறைந்துபோன சருகை மீண்டும் இடுக. பாவை ஒழுங்காகப் போட்டால் நெசவு தடையின்றி ஓடும் அல்லவா? தோட்டமும் அவ்வாறே. தொடக்கத்தில் செய்யும் உழைப்பு பின்னால் வரும் உழைப்பை மிச்சப்படுத்துகிறது.

மிச்சமான பொழுதை என்ன செய்வது? அனுபவிக்கவேண்டும். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வது. அம்மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டு, வேலைக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். செடியை வேலையாகப் பார்த்த கண், அப்போது அதைச் செடியாகப் பார்க்கும்.

இதில் கூட்டுறவுக்கும் இடமுண்டு. ஓர் அங்கத்தினர் வெட்டி எறியும் போத்து மற்றொருவர் வீட்டில் மரமாகும். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஆளுக்கொரு கிளையோ விதையோ கொண்டுவந்து மாற்றிக்கொண்டால், காசு செலவின்றிப் பல வீடுகளில் தோட்டம் எழும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்கு:

1. உமது வீட்டு மண் மணலா, களியா, செம்மண்ணா? அம்மண்ணில் தானே முளைத்து நிற்கும் செடிகள் எவை?

2. நாள்தோறும் சமையலறையிலிருந்து வீணாக ஓடும் நீர் எத்தனை குடம்?

3. சென்ற கோடையில் உமது வீட்டில் பிழைத்த செடி எது, பட்டுப்போன செடி எது? காரணம் என்ன?