மெஜஸ்டிக்குக்கு ஒயிட்ஃபீல்டு வழியா?

கன்னட இணையப் பக்கங்களைத் தமிழில் காட்டும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஒன்றை அம்மாவுக்காக எழுதுகிறேன். அவர் படிப்பது எந்த கம்பெனிக்கும் போகக்கூடாது. முடியுமா?
– கல்லூரி மாணவி, ஸ்ரீராம்புரம், பெங்களூரு

தாராளமாக. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, 22 இந்திய மொழிகளுக்கான ஓப்பன் சோர்ஸ் மாடல். கன்னடத்திலிருந்து நேரே தமிழுக்கு வரும். ஆங்கிலம் வழியாகச் சுற்ற வேண்டாம். (உங்கள் ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் போக யாராவது ஒயிட்ஃபீல்டு வழியாகப் போவார்களா?) அந்த மாடலின் சுருக்கிய பதிப்பை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 118-இல் வந்த மொழிபெயர்ப்பு வசதியும் இப்படி கம்ப்யூட்டருக்குள்ளேயே நடப்பதுதான். அதன் நிரல் திறந்தே கிடக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி கேட்காதீர்கள். ‘ஆக்டிவ்டேப்’ என்ற அனுமதி போதும். அம்மா பட்டனைத் தட்டிய பக்கத்தை மட்டுமே அது தொடும். பட்டன் மட்டும் பெரிதாக இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியைத் தேட வைக்காதீர்கள்.